பால்கோவா கணக்கு வருது, பள்ளிக்கூடக் கணக்கு ஏன் வரலை?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை. கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "கால் கிலோ வாங்கிட்டு வாப்பா" என்று உங்கள் பையனை அனுப்புகிறீர்கள். சரியாக 100 ரூபாய் கொடுத்து வாங்கி வருகிறான். அன்று சாயங்காலம் அதே பையனிடம் "0.25, 0.3, இதுல எது பெரிசு?" என்று கேளுங்கள். "0.25" என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பல பிள்ளைகள் செய்யும் தவறுதான் இது.

"கவனமே இல்லை" என்று திட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: "ஏன் அப்படிச் சொன்னே?" பெரும்பாலும் பதில் இப்படி வரும்: "25 பெரிசு, 3 சின்னது தானே?"

பாருங்கள், பிள்ளை யோசிக்காமல் சொல்லவில்லை. முழு எண்களில் சரியாக வந்த ஒரு விதியைத் தசம எண்களிலும் போட்டுப் பார்க்கிறான். எங்கே இடறுகிறான் என்பதை அந்தத் தவறான விடையே காட்டிக் கொடுக்கிறது. வகுப்பறை ஆராய்ச்சி தொடங்கும் இடமும் இதுதான்.

கடை வேறு, வகுப்பு வேறா?

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களை ஆராய்ந்தார்கள். 2025-இல் 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வெளியானது. வியாபாரத்தில் கடகடவென்று கணக்குப் போட்ட பிள்ளைகள், பாடப்புத்தகப் பாணியில் கேட்டபோது தடுமாறினார்கள். பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஒரு இடத்தில் கற்றது இன்னொரு இடத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. இரண்டுக்கும் நடுவே யாராவது பாலம் போட வேண்டும்.

செயலாராய்ச்சி: ஐந்தே படிகள்

ஆசிரியர் தன் வகுப்பிலேயே ஒரு சிக்கலைக் கண்டுபிடித்து, ஒரு மாற்றம் செய்து, பலன் கிடைத்ததா என்று சோதிப்பதற்குச் 'செயலாராய்ச்சி' என்று பெயர். குர்ட் லெவின் 1946-இல் முன்வைத்த இந்த முறை, பிறகு கல்வித் துறைக்கும் வந்தது. பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு நோட்டு போதும். வீட்டிலும் செய்யலாம்.

1. சிக்கலைச் சின்னதாக்குங்கள். "கணக்குல வீக்" என்பதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. "புள்ளிக்குப் பிறகு இலக்கம் அதிகமிருந்தால் பெரிய எண் என்று நினைக்கிறான்" என்றால் சரிசெய்யலாம்.

2. முன்தேர்வு வையுங்கள். ஐந்து கேள்விகள் போதும். 0.25–0.3, 0.4–0.40, 1.5–1.45, 0.6–0.125, 0.75–0.3. ஒவ்வொன்றிலும் எது பெரியது, அல்லது இரண்டும் சமமா? கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். தவறான விதிப்படி போனாலும் அதில் விடை சரியாக வந்துவிடும்! அப்படிப்பட்ட கேள்விகளை மட்டும் கேட்டால் பிள்ளை முழு மதிப்பெண் வாங்கும், தவறு உள்ளேயே ஒளிந்திருக்கும்.

3. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தராசுக்குப் போங்கள். 0.25 கிலோ என்றால் 250 கிராம். 0.3 கிலோ என்றால் 300 கிராம். இப்போது எது பெரிசு? பிள்ளையே சொல்லட்டும்.

4. பின்தேர்வு வையுங்கள். இரண்டு வாரம் கழித்து, வேறு எண்களில். கிலோவுக்குப் பதில் மீட்டர், லிட்டர் என்று மாற்றிக் கேளுங்கள். அங்கேயும் சரியாகச் சொன்னால் புரிந்திருக்கிறது. கிலோவில் மட்டும் சொன்னால் பாதி தூரம்தான் வந்திருக்கிறோம்.

5. எழுதி வையுங்கள். முன்பு எத்தனை சரி, பின்பு எத்தனை சரி, எந்தத் தவறு இன்னும் இருக்கிறது. நினைவை நம்பாதீர்கள்.

அறிவியலுக்கு ஒரு துண்டு பஞ்சு

ராஜபாளையம் வட்டாரம் மருத்துவப் பஞ்சுக்கும் பேண்டேஜ் துணிக்கும் பேர்போனது. மருந்துக் கடைப் பஞ்சில் கொஞ்சம், செடியிலிருந்து எடுத்த பருத்திப் பஞ்சில் அதே எடை. இரண்டையும் தண்ணீரில் போடுவதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள்: "எது மிதக்கும்? ஏன்?" பதிலை எழுதச் சொல்லுங்கள். பிறகு போடுங்கள்.

மருத்துவப் பஞ்சு சில நொடிகளில் நனைந்து மூழ்கும். பச்சைப் பஞ்சு மிதக்கும். எடை ஒன்றுதான் என்பதால் "வெயிட்டா இருந்தா மூழ்கும்" என்ற விளக்கம் இங்கே நிற்காது. பச்சைப் பஞ்சின் மேல் இயற்கையான மெழுகுப் பூச்சு இருக்கிறது. அது தண்ணீரை ஒட்ட விடாது. ஆலையில் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அதை நீக்குகிறார்கள். நல்ல மருத்துவப் பஞ்சு 10 நொடிக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்தியல் தர விதி. முதலில் ஊகம், பிறகு சோதனை, பிறகு விளக்கம். இந்த வரிசை முக்கியம். முதலிலேயே விடையைச் சொல்லிவிட்டால் பிள்ளை மனதில் இருந்த கருத்து வெளியே வராது.

தமிழ்நாடு காட்டிய பாடம்

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியபோது பிள்ளைகள் எவ்வளவு இழந்தார்கள்? அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். தமிழைவிடக் கணக்கில் இழப்பு அதிகம். ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், இழந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு, 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளால் வந்தது.

2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் இதே எண்ணம் இருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை இப்போது நிற்கும் நிலையைப் பார்த்து, அங்கிருந்து கற்பிக்கிறார்கள். பின்தங்கியிருப்பது நிரந்தரம் அல்ல. எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்தால் பிள்ளை எழுந்து வரும்.

உங்கள் போனில் என்ன செய்யலாம்?

• பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை திக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி கிடைக்கும். பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியிலும் காணொளிப் பாடங்கள் இலவசம்.

• காணொளியை ஓடவிட்டுப் போய்விடாதீர்கள். பாதியில் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

• பிள்ளை போட்ட தவறான கணக்கைப் போட்டோ எடுத்து வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கோ ஆசிரியரைப் பார்க்கவோ போகும்போது காட்டுங்கள். "எத்தனை மார்க்?" என்பதைவிட "இந்த இடத்துல ஏன் இடறுறான்?" என்ற கேள்வி ஆசிரியருக்கும் உதவும்.

• கல்வி தொடர்பான சந்தேகம், ஆலோசனைக்கு 14417 என்ற எண்ணை அழைக்கலாம்.

"எனக்குக் கணக்கு வராது" என்று ஒரு பிள்ளை பத்து வயதில் முடிவு செய்துவிட்டால், பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பிரிவு எடுப்பது என்பதையும் அந்த முடிவே தீர்மானித்துவிடும். அது ஒரு தசமப் புள்ளியில் ஆரம்பித்திருக்கலாம். இன்று ராத்திரி நோட்டைத் திறக்கும்போது சிவப்புச் சுழி உள்ள ஒரு கணக்கைத் தேர்ந்தெடுங்கள். குரலை உயர்த்தாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள்: "ஏன் அப்படிப் போட்டே?"