தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தால் அது கூலி இல்லையா?



போன மாதம் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயார் மகனை அழைத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். பையன் வேளாண்மை படித்து முடித்தவன். நியூசிலாந்தில் ஒரு தோட்டக்காரர் அவனை மூன்று மாதம் வந்து தங்கச் சொல்லியிருக்கிறார். தினமும் ஐந்து மணி நேரம் வேலை, பதிலுக்கு அறையும் சாப்பாடும். சுற்றுலா விசாவிலேயே போய்வரலாமாம். டிக்கெட்டுக்கு மட்டும் வட்டியில்லாக் கடன் கிடைக்குமா என்று கேட்டார்கள். நாங்கள் உடனே சரி என்று சொல்லவில்லை. இதே ஆசையோடு வேறு பிள்ளைகளும் இருப்பதால் காரணத்தை இங்கே எழுதுகிறோம்.

இந்த முறையில் தப்பு ஒன்றுமில்லை. 1971-ல் சூ கோப்பார்ட் என்ற லண்டன் அலுவலகப் பெண்மணி, நகரத்து ஆட்கள் வார இறுதியில் இயற்கைப் பண்ணையில் உழைத்துத் தங்கிவர ஏற்பாடு செய்தார். அதுதான் 'வூஃப்' என்ற பெயரில் பல நாடுகளுக்கும் பரவியது. பின்னால் வந்த 'வொர்க்அவே' போன்ற இணையதளங்கள் விடுதி வேலை, பிள்ளை பார்த்துக்கொள்வது என்று அதை விரித்துவிட்டன. கையில் காசில்லாதவனும் ஊர் பார்க்கலாம், தொழிலும் கற்கலாம்.

சிக்கல் விசாவில்தான் இருக்கிறது. "சம்பளம் வாங்கவில்லையே, அது எப்படி வேலையாகும்?" என்று பையன் கேட்டான். நியூசிலாந்துக் குடிவரவுச் சட்டப்படி, உழைப்புக்குப் பதிலாகக் கிடைக்கும் தங்குமிடமும் உணவும் பணத்தால் மதிப்பிடக்கூடிய ஆதாயமே. ஆகவே அது வேலை. அதற்கு வேலை அனுமதி வேண்டும். பிரிட்டனில் சுற்றுலா விசாவில் போனவர் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்கு மொத்தம் 30 நாள் வரை தொண்டு செய்யலாம். தனியார் விடுதியில் அறை துடைத்துவிட்டுத் தங்குவது அதில் சேராது.

விமான நிலையத்தில் கேட்டால் "நண்பர் வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது பொய். தோட்டக்காரரோடு பேசியதெல்லாம் போனிலேயே இருக்கும். அங்கிருந்து திருப்பி அனுப்பிவிட்டால், நாளை மேற்படிப்புக்கு விசா கேட்கும்போதும் அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

நேரான வழியும் இருக்கிறது. ஆஸ்திரேலியா 2024 முதல் 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியருக்கு ஆண்டுக்கு 1,000 'வேலையும் விடுமுறையும்' விசாக்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறது. பிரிட்டனும் பட்டதாரிகளுக்கு இரண்டாண்டு விசாவைக் குலுக்கல் வைத்தே தருகிறது. இவற்றில் போனால் கூலி வாங்கியே வேலை பார்க்கலாம்.

மூஸா (அலை) அவர்கள் மத்யனில் ஒரு பெரியவரிடம் வேலைக்குச் சேர்ந்ததை சூரா அல்கஸஸில் ஓதுகிறோம். எட்டு ஆண்டு கட்டாயம், பத்தாக நிறைவு செய்வது அவர் விருப்பம் என்று காலக்கெடுவை முதலிலேயே பேசிக்கொண்டார்கள். அந்நியர், ஊரைவிட்டு ஓடிவந்தவர், பசித்தவர். அப்படியிருந்தும் பேச்சில் தெளிவு இருந்தது. நம் பிள்ளைகளோ "எல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள்! எத்தனை மணி நேரம், எந்த நாள் விடுமுறை, ஜும்ஆவுக்குப் போக வழியுண்டா, ஒரே சட்டியில் பன்றிக்கறியும் சமைப்பார்களா, தனி அறையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழத்தோட்டம் என்றால் என்ன பழம் என்றும் கேளுங்கள். திராட்சையாக இருந்து அது மது ஆலைக்குப் போனால் என்ன செய்வது? இடம் பிடிக்காவிட்டால் மறுநாளே கிளம்பும் அளவுக்குத் திரும்பும் டிக்கெட்டும் சில நாள் வாடகைப் பணமும் கையில் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கூடுதலாக விசாரியுங்கள்.

அந்தப் பையன் தோட்டக்காரருக்கு எழுதிக் கேட்டான். வேலை அனுமதி வேண்டும் என்பது தனக்கே தெரியாது என்று அவர் பதில் போட்டிருக்கிறார். இப்போது ஆஸ்திரேலியக் குலுக்கலுக்கான தாள்களைத் தயார் செய்கிறான். பெயர் விழுந்தால் டிக்கெட் கடன் மனுவை மீண்டும் எடுப்போம், இன்ஷா அல்லாஹ்.