பெருமையின் அளவுகோல்

உடலுக்கு உணவு வேண்டுவது போல மாந்தர் உள்ளத்திற்கு மதிப்பு வேண்டும். அவையில் தமக்கு ஓரிடம் கிடைத்தலும், தம் சொல்லைப் பிறர் செவிமடுத்தலும் யாவர்க்கும் இன்பம் தருவனவே. இவ்விருப்பம் எந்நாட்டார்க்கும் பொது. ஆயினும், மதிப்பைக் காட்டும் அடையாளம் நாட்டுக்கு நாடு வேறுபடும்; காலத்துக்குக் காலம் மாறும். ஒரு நாட்டார் அதனை உடையிற் காண்பர். மற்றொரு நாட்டார் கொடையிற் காண்பர். வேறொரு நாட்டார் ஊர்வலம் செல்லும் தெருவிற் காண்பர்.

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூரை அடையுமுன் வேப்பம்பட்டு என்னும் ஊர் உள்ளது. இவ்வட்டாரத்திலும், வடகிழக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களிலும் பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் இன்று கலந்து வாழ்கின்றனர். அவர்தம் திருமணங்களை உற்றுநோக்கின் மதிப்பின் அடையாளங்கள் பலவற்றைக் காணலாம். சிலர் தாய்மாமன் கொணர்ந்த சீர்வரிசைத் தட்டுகளை எண்ணுவர். சிலர் மொய்யேட்டில் ஏறிய தொகையை நோக்குவர். வடநாட்டாருட் சிலர் மணமகன் குதிரைமீது அமர்ந்து வருதலைச் சிறப்பாகக் கொள்வர். வழக்கம் வேறு, உட்கருத்து ஒன்று. 'எம்மையும் ஒரு பொருட்டாக மதியுங்கள்' என்பதே இவை யாவும் உணர்த்தும் செய்தியாகும்.

பிற நாட்டு வழக்கங்களும் இதனையே காட்டும். பண்டை உரோமானியர் செவ்வூதா நிற ஆடையை உயர்வின் சின்னமாகப் போற்றினர். அந்நிறம் ஒருவகைக் கடல் நத்தையின் உடலிலிருந்து எடுக்கப்பட்டது. 1909இல் பிரீட்லாந்தர் என்னும் வேதியியலறிஞர் 12,000 நத்தைகளை ஆய்ந்து 1.4 கிராம் சாயமே பெற்றார் எனின், அவ்வாடையின் அருமையை என்னென்பது! பேரரசின் பிற்காலத்தில், உயர்ந்த ஊதா பேரரசர்க்கே உரியது என்று சட்டமும் வகுத்தனர். எல்லாரும் அணியலாகும் ஆடை ஒருவரை உயர்த்திக் காட்டாது என்பது அவர் கருத்துப் போலும்.

கனடா நாட்டின் மேலைக் கடற்கரைப் பழங்குடியாரோ பெருமையைக் கொடையால் அளந்தனர். தலைவன் ஒருவன் விருந்து கூட்டுவான். கம்பளிகளையும் படகுகளையும் வந்தவர்க்கு வாரி வழங்குவான். பெற்ற தலைவன் பின்னொரு நாள் அதனினும் மிகுதியாக வழங்குதல் வேண்டும்; தவறின் அவன் பெயர் தாழும். இவ்விருந்துக்குப் 'பொட்லாட்சு' என்று பெயர். போட்டி முற்றியவிடத்து, விலைமதிப்பற்ற செப்புத் தகடுகளை உடைத்தெறிந்து தம் செல்வப் பெருக்கைக் காட்டினாரும் உளர். இது வீண்செலவு என்று கருதிய கனடா அரசு 1885 முதல் அதனைத் தடை செய்தது. ஆனால், அம்மக்களுக்கு அது வெறும் ஆரவாரமன்று. பட்டப்பெயரும் உரிமையும் இன்னார்க்கு உரியன என்று பலரறியச் சான்று வைக்கும் அவையும் அதுவே. தடை 1951இல் நீங்கியது. பிறர் வழக்கத்தை எள்ளி நகையாடுமுன் அதன் பொருளை அறிதல் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

இனி, நம் நாட்டு வரலாற்றை நோக்குவோம். முற்காலச் சென்னையில் குலங்கள் பல வலங்கை, இடங்கை என்னும் இருபெரும் பிரிவுகளாக நின்றன. கொடி, குடை, பல்லக்கு, ஊர்வலம் செல்லும் தெரு ஆகிய ஒவ்வொன்றும் அவர்களிடையே வழக்குக்கு இடமாயிற்று. திருமணப் பந்தலுக்குப் பன்னிரண்டு கால் நாட்டும் உரிமை தமக்கே உண்டு. இடங்கையார் பதினொன்றே நாட்டலாம் என்பது வலங்கையார் கூற்று. பந்தலைத் தாங்கவேண்டிய கால் பகைமையைத் தாங்கி நின்றது! 1707இல் தாமசு பிட்டு ஆளுநராயிருந்தபோது, திருமண ஊர்வலம் பற்றிய பூசல் முற்றியது. தெருக்களைப் பிரித்து எல்லைக் கற்கள் நட்டும் பூசல் தணியவில்லை. வலங்கையாருட் பலர் சாந்தோமுக்குக் குடிபெயர்ந்தனர். வாணிகம் தளர்ந்தது, ஊர் அல்லலுற்றது.

பூசலினும் கொடியது ஒன்றுண்டு. அது, தன் உயர்வைக் காட்டும் பொருட்டுப் பிறர்க்கு உரிய மானத்தை மறுத்தலாகும். திருவிதாங்கூரில் நாடார் முதலிய குலத்துப் பெண்டிர் மேலாடை அணிதலைப் பிறர் தடுத்தனர். அவர்தம் நெடிய போராட்டத்தின் பயனாக 1859இல் மன்னர் நாடார் பெண்டிர்க்கு மேலாடை உரிமையளித்து ஆணை பிறப்பித்தார். ஆயினும், உயர்குலப் பெண்டிர் அணியுமாறு அணிதல் ஆகாது என்னும் விலக்கு அவ்வாணையிலும் இருந்தது. உடல் மறைக்கும் துணியிலும் உயர்வு தாழ்வு கண்ட கொடுமை அது.

இக்காலத்திலும் இத்தகைய போட்டி ஒழிந்திலது. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில், சென்னைப் பள்ளிக்கரணையில், ஒரு திருமணத்தின் பொருட்டுச் சாலை நடுவே நாட்டிய பதாகை சரிந்து, இருசக்கர வண்டியிற் சென்ற இளம்பெண் ஒருத்திமேல் வீழ்ந்தது. நிலைகுலைந்து வீழ்ந்த அவள்மீது பின்வந்த தண்ணீர் லாரி ஏறிற்று. பொறியியல் கற்று வாழ்வைத் தொடங்கிய ஓர் உயிர், பிறர் இல்லத்துப் பெருமைக்குப் பலியாயிற்று.

அவ்வாறாயின், பெருமையை விரும்புதலே பிழையோ? அன்று. அதனை எவ்வழியில் தேடுகிறோம் என்பதே ஆராயத்தக்கது. வேப்பம்பட்டுக்கு வடக்கே சிறிது தொலைவிலுள்ள பெரியபாளையத்தில் 1754இல் ஒரு குழந்தை பிறந்தது. பிறக்குமுன்னரே தந்தை காலமானார். தாயார் வறுமையில் வாடினார். அக்குழந்தையே பிற்காலத்தில் பச்சையப்ப முதலியார் எனப் புகழ்பெற்றவர். ஆங்கிலேயர்க்கும் நம்மவர்க்கும் இடைநின்ற துபாசியாக உயர்ந்து அவர் பெரும்பொருள் ஈட்டினார். 1794இல், நாற்பதாம் வயதில் இறக்குமுன், தம் செல்வத்தைக் கோயிற் பணிக்கும் பிற அறங்களுக்கும் எழுதி வைத்தார். அப்பொருள் நெடுங்காலம் வழக்கிற் சிக்கிக் கிடந்தது. பின்னர் நீதிமன்றத்தின் வழி மீட்கப்பெற்று, அதன் ஒரு பகுதி கல்விக்குப் பயன்பட்டது. 1842இல் பள்ளி எழுந்தது, அது கல்லூரியாயிற்று. கணித மேதை இராமானுசனும், காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் தோன்றிய அறிஞர் அண்ணாவும் அக்கல்லூரியிற் பயின்றவராவர். அதன் வாயிலும் தொடக்கத்தில் இந்துக்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. 1947இல்தான் எல்லாச் சமயத்தார்க்கும் திறந்தது. வாயில் அகன்றதால் வள்ளலின் புகழ் குறையவில்லை; வளர்ந்தது.

துபாசிகள் பலர் அந்நாளில் பல்லக்கில் ஊர்ந்தனர், மாளிகைகளில் வாழ்ந்தனர். அவருட் பெரும்பாலோர் பெயர் இன்று எவர்க்கும் தெரியாது. பல்லக்கு ஒருவரைச் சுமந்தது. பள்ளி பல்லாயிரவரைச் சுமந்தது.

திருக்குறளின் அறத்துப்பாலில் இல்லறவியலின் இறுதியில் நிற்கும் மூன்று அதிகாரங்களின் பெயர்கள் எண்ணத்தக்கவை. அவை ஒப்புரவறிதல், ஈகை, புகழ் என்பன. ஊரோடு ஒத்து உதவி வாழ்தல் முதற்படி. இல்லாதார்க்கு ஈதல் இரண்டாம்படி. இவ்விரண்டையும் கடந்தபின்னரே புகழ் வருகின்றது. முதலிரண்டு படிகளையும் விட்டு மூன்றாவதில் தாவ முயல்வோர் பந்தற்காலை எண்ணிப் பகை வளர்ப்பர். பதாகை நாட்டி வழி மறிப்பர். பிறர் ஏறுதற்குப் படியமைப்போர் புகழைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. அது தானே அவர்களை வந்தடையும்.