இடது கைக்கு ஓவியம் பழக்குவது எப்படி?

வலது கைக்குப் பழக்கம் அதிகம். கண் என்றால் பாதாம் வடிவம், மரம் என்றால் இரண்டு கோடும் மேலே ஒரு மேகமும் என்று, எதிரே இருப்பதைப் பார்க்காமலே வரைந்துவிடும். இடது கைக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஒவ்வொரு கோட்டுக்கும் அது கண்ணைக் கேட்டாக வேண்டும். பயிற்சியின் பலனே அதுதான். வலப்பக்க மூளை விழித்துக்கொள்ளும் என்ற பேச்சையெல்லாம் விட்டுத்தள்ளுங்கள். தினமும் 15 நிமிடம் ஒதுக்கினால் போதும். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் இதை அப்படியே மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

1. இடத்தை ஒழுங்கு செய்யுங்கள்

4பி பென்சிலும் ஏ3 தாளும் போதும். சின்னத் தாளில் விரல்களை நுணுக்கமாக அசைக்க வேண்டும். இடது கைக்கு இப்போதைக்கு அது வராது. தாளின் நான்கு மூலைகளையும் டேப் போட்டு ஒட்டுங்கள். விளக்கு வலப்பக்கம் இருக்கட்டும். இடப்பக்கம் வைத்தால் கையின் நிழல் கோட்டின் மேலேயே விழும். ரப்பரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

2. தோளிலிருந்து கையை வீசுங்கள்

எழுதுவதுபோல் இறுக்கிப் பிடிக்காமல், முனையிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, பென்சில் உள்ளங்கைக்கு அடியில் படுத்திருக்குமாறு பிடியுங்கள். முழங்கையும் தோளும் சேர்ந்து அசைய வேண்டும். இரண்டு புள்ளி வைத்து, அவற்றை ஒரே இழுப்பில் இணையுங்கள். பார்வை பென்சில் முனையில் அல்ல, போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்கட்டும்.

அடுத்து, மேல் இடமிருந்து கீழ் வலமாகச் சாய்கோடுகள். இடது கைக்கு இயல்பாக வரும் சாய்வு இது. இடதுகைக்காரரான லியோனார்டோ டா வின்சி நிழல் காட்டப் போட்ட கோடுகள் பெரும்பாலும் இப்படித்தான் சாய்ந்திருக்கும்.

3. வலது கையைத் துணைக்கு அழையுங்கள்

இரண்டு கையிலும் ஆளுக்கொரு பென்சில். தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. அதன் இருபுறமும் ஒரே நேரத்தில் ஒரு குடத்தை வரையுங்கள்: வாய், கழுத்து, வயிறு, அடி. வலது கை போகும் வழியை இடது கை எதிர்ப்பக்கம் தானாகவே பிடித்துக்கொள்ளும். பார்வை மட்டும் இடது கை மேலேயே இருக்கட்டும்.

4. ஒரு துண்டு இஞ்சியை எடுங்கள்

இஞ்சிக்கு மனப்பாடமான வடிவம் கிடையாது. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. கிளைத்த முண்டுகள், வளையம் வளையமான வரிகள், ஒடித்த இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நார்கள் என்று பார்க்க நிறைய உண்டு. கண் அதன் விளிம்பில் எறும்பு ஊர்வதுபோல் நகர, பென்சிலும் அதே வேகத்தில் நகரட்டும். அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கொலைடீஸ், 1941-இல் வெளிவந்த ‘தி நேச்சுரல் வே டு டிரா’ நூலில், பென்சில் முனை அந்தப் பொருளையே தொட்டுக்கொண்டிருப்பதாக எண்ணி வரையச் சொல்கிறார்.

கோடு நடுங்கும். நடுங்கட்டும், இஞ்சித் தோலுக்கு அது பொருந்தவே செய்யும். கோடு தவறினால் அழிக்காமல், பக்கத்திலேயே சரியானதைப் போடுங்கள்.

5. நிழலை வலமிருந்து தொடங்குங்கள்

இடமிருந்து வலமாகப் போனால், போட்ட கோட்டின் மேலேயே கை தேய்ந்து படம் கரியாகும். வலமிருந்து இடமாக வாருங்கள். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளும் இருக்கட்டும்.

6. வாரக் கடைசியில் ஒப்பிடுங்கள்

அதே இஞ்சியை வலது கையால் வரைந்து, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வலது கைப் படம் சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு முண்டின் திருப்பமோ நுனி காய்ந்து சுருங்கிய இடமோ அதில் விட்டுப்போயிருக்கலாம். அவற்றைக் குறித்துக்கொண்டு வலது கையால் மறுபடி வரையுங்கள்.

மணிக்கட்டோ கட்டைவிரல் அடியோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கையில் அடிபட்டவர்களும் பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

இஞ்சி அலுத்தால் பூண்டு, பழைய செருப்பு, சாவிக்கொத்து. அதற்கும் அடுத்து உங்கள் வலது கையையே மேஜைமேல் வைத்து வரையுங்கள். அதுதான் இப்போது சும்மா இருக்கிறதே!