பாட்டை விடாதே, நந்தினி

அன்புள்ள நந்தினிக்கு, பெரியப்பா எழுதுவது.

பாட்டு வகுப்பை நிறுத்திவிட்டு அடையாறில் ராக் பேண்ட் ஆரம்பித்திருக்கிறாயாம். உன் அப்பா தி.நகரிலிருந்து போன் போட்டு அரைமணி நேரம் புலம்பினான். பேண்ட் வைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாட்டை விட்டதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

சுசீலா ராமனைக் கேட்டிருக்கிறாயா? 1973இல் லண்டனில் பிறந்த தமிழ்ப் பெண். சின்ன வயதிலேயே குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. கர்நாடக சங்கீதம் பாடிக்கொண்டே வளர்ந்து, சிட்னியில் பேண்ட் வைத்துப் பாடியவர். 2001இல் வந்த முதல் ஆல்பம் 'சால்ட் ரெயின்'. அவரே எழுதிய ஆங்கிலப் பாட்டுகளோடு தியாகராஜரின் 'நகுமோமு'வும் அதில் உண்டு. கிட்டாருக்கு சாம் மில்ஸ், பேஸுக்குக் கேமரூன்காரர் ஹிலேர் பெண்டா. பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கு இறுதிப் பட்டியல்வரை போனது, பரிசு பி.ஜே. ஹார்விக்குப் போயிற்று. மயிலாப்பூரில் என் சபா சிநேகிதர்கள் கேட்டால், "நிரவல் எங்கே ஓய்?" என்று எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். போகட்டும், காபியாவது கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. பெயர் வாங்கியான பிறகும் தமிழ்நாட்டுக்கு வந்து, கோவை கமலாவிடம் பக்திப் பாட்டு கற்றார். சபா மேடையில் கேட்கிற பாட்டில்லை அது. கோயில் திருவிழாவில் அடித்தொண்டையிலிருந்து எழும்பி, உட்கார்ந்திருப்பவனையும் சாமியாட வைப்பது. 2011இல் 'வேல்' ஆல்பத்தில் முருகன் பாட்டும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒன்றாக வந்தன. அவருக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கிவிட்டது. உனக்கென்ன அவசரம்?

உங்கள் பாட்டை அப்பா வாட்ஸப்பில் அனுப்பினான். கிட்டார் சுத்தம். பாட்டில் பனி கொட்டுகிறது. நீ குடியிருப்பதோ தி.நகரில். இரண்டாவது சரணத்தில் 'க' ஸ்வரத்தைத் தொடும்போது உன் தொண்டை தானாக ஆபேரி ராகத்துக்குப் போகிறது. அடுத்த தடவை அதே இடத்தில் கமகத்தை வெட்டி நேராக்கிவிட்டாய். அதை வெட்டாதே. அந்த ஒரு இடத்தில்தான் பாடுவது நீ என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு பாட்டாவது தமிழில் எழுதிப் பார். வாரம் ஒருநாள் டீச்சர் வீட்டுக்குப் போ. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அப்பா கத்துவான். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆம்ப் வாங்கப் பணம் வேண்டுமென்றால் என்னைக் கேள். டீச்சரின் ஃபீஸையும் சேர்த்துத்தான் தருவேன்.

அன்புடன்,
பெரியப்பா