எண்ணூர்ச் செலவு

'செலவு' என்னுஞ் சொல் இக்காலத்தில் கைப்பொருள் கரைவதையே பெரும்பாலும் குறிக்கின்றது. பண்டைத் தமிழில் அது பயணத்தைக் குறித்தது. தலைவன் பிரிந்து செல்லக் கருதிப் பின் தயங்கி நிற்பதைச் 'செலவழுங்கல்' என்று அகப்பொருள் நூலார் தனித்துறையாக வகுத்தனர். பாரதிதாசனாரும் தாம் நண்பருடன் பக்கிங்காம் கால்வாயிற் படகேறித் தென்றிசைப் போந்ததைப் பாடியபோது, அப்பாட்டிற்கு 'மாவலிபுரச் செலவு' என்றே பெயரிட்டார். அக்கால்வாயின் வடபகுதி தென்பகுதியினும் பழமையுடையது. அது சென்று முட்டிய முதல் ஊர் எண்ணூர். ஒரே நாளிற் சென்று மீளத்தக்க அவ்வூரைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் கருத்து.

எண்ணூர் என்றதும் நம் கல்லூரி மாணவர் மனக்கண்முன் தோன்றுவன புகைபோக்கியும், நிலக்கரியும், முடிவில்லாத லாரி வரிசையுமேயாம். ஆயின் ஒருகாலத்தில் அது சென்னை வாழ் ஐரோப்பியருக்கு விருப்பமான ஓய்விடமாக விளங்கிற்று என்றால் நம்புவார் அரியர். கொசத்தலையாறு கடலொடு கலக்குமிடத்தில், உப்பங்கழிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டின்மேல் அவர்கள் மாளிகைகள் அமைத்தனர். கோட்டைப் பணியின் சோர்வும் கோடையின் வெம்மையும் நீங்க அங்குப் போய்ப் படகு விடுவதும், மீன் பிடிப்பதும், கடற்காற்று வாங்குவதுமாகப் பொழுது போக்கினர். மலைமேல் உதகமண்டலம் எழும்புமுன், ஓய்வு நாடுவார்க்கு இத்தகைய நீர்த்துறைகளே புகலிடமாயிருந்தன.

அவ்வூர்க்கு நீர்வழி அமைத்தவர் பேசில் காக்ரேன் என்பார். இவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பிரபு குடும்பத்திற் பிறந்து, கம்பெனியாரின் அலுவலராகச் சென்னைக்கு வந்து, பின்னர்க் கடற்படைக்கு உணவுப்பொருள் சேர்ப்பிக்கும் ஒப்பந்தத்தாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். சென்னையினின்று எண்ணூர் வரை ஏறத்தாழ 11 மைல் நீளம் இவர் வெட்டுவித்த கால்வாய் 1806-இல் நிறைவுற்றது. மக்கள் அதனைக் காக்ரேன் கால்வாய் என்றே வழங்கினர். 1837-இல் அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. பின்னர் வடக்கேயும் தெற்கேயும் நீண்டு, 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில் பசித்த மக்களின் கைகளால் நகரினூடே அகழப்பட்டு, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரைப் பெற்றது. உப்பும் விறகும் தானியமும் ஏற்றிய படகுகள் நெடுங்காலம் அதில் வந்தன. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பின் அப்போக்குவரவு தளர்ந்து ஒழிந்தது.

இக்காக்ரேனைப் பற்றிய வேறொரு செய்தியே என்னைப் பெரிதும் வியப்பித்தது. அவர் தாயகம் திரும்பிய பின் இலண்டனில் போர்ட்மன் சதுக்கத்திலிருந்த தம் மாளிகையில் நீராவிக் குளியலறைகள் அமைத்து, நோயாளர்க்கு அவற்றால் மருத்துவம் செய்வித்தார். அம்முறையைப் பற்றி 1809-இல் நூலும் வெளியிட்டார். அங்கு அவரிடம் பணியாற்றியவர் பாட்னாவிற் பிறந்த தீன் முகமது. ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்ட முதல் இந்தியர் இவரே. அந்நூல் 1794-இல் வெளிவந்தது. உடம்பை அழுத்திப் பிசைந்து விடும் நம் நாட்டு முறையை இவர் அந்த நீராவிக் குளியலோடு சேர்த்தார். பின்னர் 1814-இல் பிரைட்டன் என்னும் கடற்கரை ஊரிற் குடியேறித் தாமே குளியல் நிலையம் நடத்தி, நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்னும் அரசர் இருவருக்கும் அப்பணி செய்யும் சிறப்பைப் பெற்றார். பிசைதலைக் குறித்த இந்திச் சொல்லே இன்று நம் கடைகளிற் சிறு சிறு பொட்டலமாகத் தொங்கும் 'ஷாம்பூ' ஆயிற்று. எண்ணூர்க்குப் படகு விட வழி செய்தவரும் இலண்டனில் நீராவிக்கு வழி செய்தவரும் ஒருவரே என்பது தற்செயல்தான். ஆயினும் அக்காலத்து ஆங்கிலர் நீரையும் உடல்நலத்தையும் எத்துணை நெருக்கமாக இணைத்து எண்ணினர் என்பதற்கு அஃதொரு நல்ல சான்று.

அவ்வெண்ணத்தின் தாயகம் ஐரோப்பாவின் ஊற்று நகரங்கள். பெல்ஜிய நாட்டில் 'ஸ்பா' என்பது ஓர் ஊரின் இயற்பெயர். பின்னர் அதுவே அத்தகைய ஊர்க்கெல்லாம் பொதுப்பெயராயிற்று. 7 நாடுகளிலுள்ள 11 ஊற்று நகரங்களை யுனெஸ்கோ 2021-இல் ஒருசேர உலக மரபுச் செல்வமாக ஏற்றது. விஷி, பாடன்-பாடன், ஸ்பா ஆகியவற்றோடு ஆங்கில நாட்டின் பாத் நகரமும் அவற்றுள் ஒன்று. இலண்டனிலிருந்து காலையிற் புறப்பட்டு மாலையில் மீள்வார் பலர் அங்குச் செல்வதுண்டு. மெண்டிப் குன்றுகளிற் பெய்த மழை சுண்ணாம்புப் பாறையினூடே ஒன்றரை மைலுக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு இறங்கி, நிலத்தின் உள்வெப்பத்தாற் காய்ந்து, 46 பாகை செல்சியஸ் சூட்டுடன் நாளொன்றுக்கு 11 இலட்சத்து 70 ஆயிரம் லிட்டர் அளவில் அங்கு மேலெழுகின்றது.

நம் முசிறித் துறைக்கு மிளகு வேண்டி மரக்கலம் விடுத்த யவனருடைய பேரரசு, அதே முதல் நூற்றாண்டிலேயே பாத் ஊற்றைச் சுற்றிக் கோயிலும் குளியற்கூடமும் எடுத்தது. ஊற்றினடியில் ஈயத்தகடுகள் ஏறத்தாழ 130 கிடைத்துள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை, குளிக்கையில் தம் ஆடையையோ காசையோ திருடியவனைத் தண்டிக்குமாறு ஊற்றின் தேவதைக்கு எழுதிய முறையீடுகளாம். கரையில் வைத்த துணி காணாமற் போவது எந்நாட்டிற்கும் பொது போலும்! அந்நகரின் தோற்றத்தைப் பற்றிய பழங்கதையும் சுவையுடையது. பிளாடட் என்னும் இளவரசன் தொழுநோயால் நாட்டைவிட்டு நீங்கிப் பன்றி மேய்த்து வந்தான். வெந்நீர்ச் சேற்றிற் புரண்ட பன்றிகளின் தோல்நோய் நீங்கக் கண்டு, தானும் அதிற் புரண்டு நலம்பெற்று, அங்கொரு நகரம் எடுத்தான் என்பர்.

இக்கதையைப் படித்தபோது தமிழ் மாணவனாகிய எனக்கு நினைவு வந்தது பெரியபுராணம். அந்நினைவு மீண்டும் எண்ணூர் வழியிலேயே கொண்டுவந்து விடுகின்றது. இன்று எண்ணூர் செல்ல விரும்புவோர் இராயபுரத்தில் மின்தொடர்வண்டி ஏறுதல் நலம். தென்னிந்தியாவின் முதற் பயணியர் தொடர்வண்டி 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது இவ்விடத்திலிருந்தே. இராயப்பர் என்பது மீன்பிடித்த திருத்தூதர் பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் இட்ட பழம்பெயர். படகும் வலையுமாக விளங்கும் பேட்டைக்கு அவர் பெயர் அமைந்தது எவ்வளவு பொருத்தம்! அங்கிருந்து சில நிலையங்கள் கடந்தால் திருவொற்றியூர். இங்கு இறங்காமற் செல்வது தகாது. முதலாம் இராசேந்திரன் காலத்திற் கல்லாற் கட்டப்பெற்ற விமானம் இங்குள்ளது. கடலருகே பட்டினத்தார் அடக்கமான இடமுள்ளது. சுந்தரர் சங்கிலியாரை மணந்து, 'நின்னைப் பிரியேன்' என்று மகிழ மரத்தடியிற் சூளுரைத்ததும் இவ்வூரிலேயே.

அச்சூளை மறந்து அவர் ஊரெல்லை கடந்த அளவில் கண்ணொளி இழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சியில் ஒரு கண் பெற்றார். இன்று குத்தாலம் என வழங்கும் திருத்துருத்தியில், மேனியிற் கொண்ட பிணி ஆங்குள்ள குளத்தில் மூழ்கி எழத் தீர்ந்தது. திருவாரூரில் மற்றைக் கண்ணும் பெற்றார். நீராடப் பிணி தீர்ந்தது என்பதில் பிளாடட் கதையும் இதுவும் ஒக்கும். ஆயினும் ஒரு வேற்றுமை காண்க. ஆங்குப் பன்றியின் நலங்கண்டு மனிதன் மருந்தை அறிகின்றான். ஈங்குச் சொல் தவறியவன் பட்ட துன்பம் படிப்படியாகத் தீர்கையில் நீரும் ஒரு படியாகின்றது. ஆங்கு நீரே கதையின் தலைவன். ஈங்கு அது துணைமை பூண்டது. எனக்கு நம் கதையே ஆழமுடையதாகத் தோன்றுகின்றது, மாறுபடுவோர் மாறுபடுக.

இதில் மற்றொன்றும் உண்டு. சுந்தரர் கோல் பெற்ற திருவெண்பாக்கத்துப் பழங்கோயில் இன்று நிலத்தின்மேல் இல்லை. சென்னைக்குக் குடிநீர் வேண்டிக் கொசத்தலையாற்றைப் பூண்டியில் மறித்து 1944-இல் நீர்த்தேக்கம் அமைத்தபோது அவ்விடம் நீருள் மூழ்கிற்று; கோயிலை அருகே வேறிடத்திற் புதுக்கினர். நகரத்தின் தாகத்திற்காக ஒரு பாடல்பெற்ற தலத்தையே மூடிய அவ்வாறுதான், எஞ்சிய தன் நீரோடு எண்ணூரிற் கடல் புகுகின்றது.

எண்ணூரில் இறங்கி முகத்துவாரம் நோக்கி நடப்பவர், நெய்தல் திணையின் கருப்பொருள்கள் சிலவற்றை ஏட்டிலன்றிக் கண்ணாற் காணலாம். சங்கச் செய்யுட்களிற் 'கழி' என்று படித்தது இதுவே. 'கண்டல்' என்று படித்த அலையாத்தி மரங்கள் இன்றும் சேற்றில் வேரூன்றி நிற்கின்றன. 'ஓதம்' நாடோறும் இருமுறை ஏறி இறங்குகின்றது. அதனோடு இறால் குஞ்சுகள் உட்புகுந்து வளர்கின்றன. மடவையும் நண்டும் இறாலும் சுற்றுக் குப்பங்களுக்குச் சோறிட்டன. இட்டன என்று இறந்த காலத்திற் கூறுவதற்குக் காரணமுண்டு.

1970-இல் கழியருகே அனல்மின் நிலையம் இயங்கலாயிற்று. 2017-இல் அது மூடப்பட்டது. அதற்குள் ஆற்றின் வடகரையிற் பெரிய மின்நிலையங்களும், 2001-இல் புதிய துறைமுகமும் எழுந்தன. சாம்பல் கரைத்த நீரைக் கொண்டுசெல்லும் குழாய்கள் பலகால் ஒழுகியமையால் கழியின் அடித்தரை சாம்பல் படிந்து மேடிட்டது. 2017 சனவரி 28 அன்று துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிற்று. எர்ணாவூர்க் கரையில் அதனை வாளியாலும் கையாலும் அள்ளினோருள் மீனவரோடு மாணவரும் இருந்தனர். 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல்வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழி முழுதும் பரவி, படகுகளையும் வலைகளையும் அலையாத்திகளையும் கறுக்கச் செய்தது.

ஆலைகளே வந்திருத்தலாகாது என்று நான் வாதிடவில்லை. வடசென்னையில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் அவற்றால் உண்டன. இக்கட்டுரையை இரவில் எழுத உதவிய விளக்கும் அங்கிருந்து வந்த மின்னாலேயே எரிந்திருத்தல் கூடும். ஒருமுறை கெட்டநீர் கெட்டதே என்று பலர் கைவிடுவதைத்தான் நான் ஏற்கவில்லை. பாத் நகரின் அண்மைக்கால வரலாறு ஈண்டுக் கருதத்தக்கது. 1978-இல் அவ்வூற்று நீரில் நீந்திய சிறுமி ஒருத்தி, நீரிலிருந்த நுண்ணுயிரால் மூளை நோயுற்று இறந்தாள். இரண்டாயிரம் ஆண்டுப் புகழ் என்று பாராது, நகரத்தார் குளியலை நிறுத்தினர். மாசு நெருங்காத ஆழத்தினின்று நீரைக் கொணரப் புதிய துளை இட்டனர். 1982-இல் இயற்றிய சட்டத்தால், நகரிற் குறித்த ஆழத்திற்கு மேல் நிலத்தை அகழ்வோர் நகரவையின் இசைவு பெறல் வேண்டுமென்று வகுத்தனர். மக்கள் மீண்டும் அவ்வெந்நீரில் இறங்கியது 2006-இல். இடையே கழிந்தவை 28 ஆண்டுகள்.

பாத் நகரின் நீரை மாற்ற ஆழ்துளை வேண்டியிருந்தது. எண்ணூர்க் கழிக்கோ ஓதம் என்னும் உதவி நாடோறும் இருமுறை வாயிலில் வந்து நிற்கின்றது. முகத்துவாரம் தூராதிருத்தல், சாம்பல் மேட்டை அகற்றுதல், குழாய்கள் ஒழுகாதிருத்தல், கண்டற்காட்டை வெட்டாது வளர்த்தல் ஆகியவையே அவ்வுதவி உள்ளே வர வேண்டுவன. இவற்றைக் கழியோரத்து மீனவர் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். அவர்கள் மனுக்களிற் கூறுவதை நம் கல்லூரி மாணவருள் அறிவியல் பயில்வோர் நீரை எடுத்துச் சோதித்து எழுதினால், அது அம்மனுக்களுக்குத் துணையாகும்.

செல்ல விரும்பும் நண்பர்கள் குடையும் குடிநீரும் கொண்டு விடியலிற் புறப்படுக. திருவொற்றியூரை முதலிற் கண்டுவிட்டு, நீர் வற்றும் பொழுது பார்த்து எண்ணூர்ப் பாலத்தின்மேல் நிற்பின், கீழே மார்பளவு நீரில் அமர்ந்தும் ஊர்ந்தும் வெறுங்கையாற் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் ஆடவர் பெண்டிரைக் காணலாம். பிடித்ததை இடும் ஓலைப்பையின் விளிம்பைப் பல்லாற் கவ்விக்கொண்டு, இரு கையும் நீருக்குள் வைத்து, பல மணி நேரம் அந்நீரிலேயே இருப்பர்.