கணக்குக் கிளைக்குப் புரியும் வரலாறு

மூதூர்ப் பக்கத்துப் பாடசாலைகளில் வரலாற்றுக்கும் குடியுரிமைக் கல்விக்கும் அரச நிதி கேட்டு எழுதப்படும் முன்மொழிவுகளை நெடுங்காலமாகப் படித்தும் திருத்தியும் வருகிறேன். பெரும்பாலானவற்றில் முதல் வரி அலுமாரி. அடுத்தது புரொஜெக்டர். பிறகு பேனர், திறப்பு விழா, சிற்றுண்டி. எழுதிய ஆசிரியருக்கு வரலாற்றில் அக்கறை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அலுமாரிக்கு மூன்று கடைகளில் விலைமனு வாங்கலாம். வயதான மீனவர் ஒருவரின் முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்து கேள்வி கேட்பதற்கு யாரிடம் விலைமனு வாங்குவது?

இளம் ஆசிரியை ஒருவர் இதை என்னிடம் நேராகவே கேட்டார். "சேர், கதை கேட்கப் போறதுக்கு எந்தத் தலைப்பில காசு போடுற?" நல்ல கேள்வி. வரலாறு கற்பித்தலின் முக்கியமான வேலைகள் கணக்குக் கிளையின் கண்ணில் படுவதில்லை. அவற்றைக் கணக்காளர் கையெழுத்திடக்கூடிய வரிகளாகப் பிரித்து எழுதுவதுதான் இந்த விஷயத்தில் நான் கற்ற ஒரே பெரிய பாடம். "வாய்மொழி வரலாறு சேகரித்தல்" என்று ஒரே வரியில் ஒரு தொகையைப் போட்டால் அது வெட்டுப்படும். அதையே வான் வாடகை, ஒலிப்பதிவுக்கான மெமரி கார்ட், அச்சடித்த நேர்காணல் கொப்பி, பழைய உறுதிகளையும் படங்களையும் ஸ்கேன் செய்யும் செலவு, போட்டோகொப்பி, தேநீர் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கையும் அலகு விலையும் போட்டால் பேசாமல் கடந்து போகும். வேலை அதேதான். படிப்பவருக்கு அது தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது, பிரச்சினையை எழுதும் இடம். "மாணவர்களிடையே வரலாற்றுப் பாடத்தில் ஆர்வம் குறைந்து வருகிறது" என்ற வாக்கியம் எல்லா முன்மொழிவிலும் இருக்கிறது. அதனால் அதை யாரும் படிப்பதில்லை. சாதாரண தரத்தில் வரலாறு கட்டாயப் பாடம் என்பதால் ஒவ்வோர் அதிபரின் மேசையிலும் பெறுபேற்றுப் பகுப்பாய்வு இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு ஒரு சிறிய பரீட்சை வையுங்கள், நம் ஊரைப் பற்றி மட்டும். 1612இல் கண்டி அரசன் செனரத்துடன் ஒப்பந்தம் செய்த ஒல்லாந்தர் கொட்டியாரத்தில் ஒரு சிறு கோட்டை கட்டினார்கள் என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? புயலில் பாய்மரம் இழந்து நம் குடாவில் ஒதுங்கிய "ஆன்" கப்பலின் தலைவரும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸும் 1660இல் இங்கேதான் பிடிபட்டார்கள். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து, 1679இல் தப்பி, 1681இல் இலண்டனில் இலங்கையைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை இதே குடாவுக்குள் வந்தது. கங்குவேலியில் கோணேசர் கோயிலுக்கான கொடையைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. "தோணி" சிறுகதைத் தொகுப்பை எழுதிய வ. அ. இராசரத்தினம் இந்த ஊர்க்காரர், ஆசிரியர். அநுராதபுரத்துக் குளங்களை வரிசையாகச் சொல்லும் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றிரண்டுதான் தெரியும் என்று விடைத்தாள்கள் காட்டினால், உங்கள் பிரச்சினைக் கூற்று முடிந்தது. திட்டத்தின் முடிவில் அதே பரீட்சையை மீண்டும் வைத்தால் முன்னேற்ற அறிக்கையும் பாதி முடிந்தது.

எந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதுவது வீண். 2000ஆம் ஆண்டு முதல் பாடசாலைகளுக்கு வரும் தர உள்ளீட்டுப் பணத்தைக் கற்றல் கற்பித்தல் பொருள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணல் கொப்பி, வரைபடம், நூல் எல்லாம் அதற்குள் அடங்கும். அதற்கு மேலே போகாது. மாகாணத்துக்கு வரும் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடை, அலுவலகங்களில் எல்லாரும் சொல்கிற பி.எஸ்.டி.ஜி., பெரும்பாலும் கட்டடம், திருத்தம் பக்கமே சாயும். அதற்குள் ஆசிரியர் பயிற்சியையோ வளநிலையத்தையோ நுழைக்க வேண்டுமானால் வலயத்தின் ஆண்டுத் திட்டம் தயாராகும்போதே பெயர் சேர்ந்திருக்க வேண்டும். பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி 1974இலிருந்து இருக்கிற ஏற்பாடு. சிறு தொகைக்கு அது விரைவான வழி. ஆனால் யாருடைய பெயர் பலகையில் வருவது என்ற பேச்சும் கூடவே வரும். தேசிய ஒற்றுமைக்கும் நல்லிணக்கத்துக்குமான அலுவலகம் 2015இல் தொடங்கி, 2024இன் 1ஆம் இலக்கச் சட்டத்தால் நிலையான அமைப்பாகியிருக்கிறது. இரண்டு சமூகப் பாடசாலைகள் சேர்ந்து செய்யும் குடியுரிமைக் கல்வி வேலைக்கு அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் பொதுவானது நாட்காட்டி. அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. செலவழியாத பணம் திரும்பிப் போகும். பணம் பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில்தான் கைக்கு வரும், நம் பக்கத்தில் அது மாரி மழைக்காலம். வெருகல் பக்கம் வெள்ளம் நிற்கும்போது கள வேலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோக முடியாது. ஆகவே வெளியே போகும் வேலைகளை ஜூன், ஜூலைக்கு எழுதுங்கள். பணம் தாமதித்தால் வகுப்பறைக்குள் செய்யக்கூடிய மாற்று வேலையையும் அதே படிவத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி பல திட்டங்களைக் காப்பாற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் போன இடம் தெரியாமல் கிடந்தபோது நாங்கள் கையாண்ட வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டோம்: இந்த ஆண்டு இந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, தெரிவுக்கான அளவுகோல் என்ன, எங்கள் விண்ணப்பத்துக்கு என்ன ஆனது. தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. பதில் வந்தது. அந்தத் தாளில் இருந்த அளவுகோல்களை வைத்து மறு ஆண்டு விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினோம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கடிதத்தின் வரைவைப் பத்தாம் தரக் குடியுரிமைக் கல்வி வகுப்பில் பிள்ளைகளே தயாரித்தார்கள். ஓர் அரச நிறுவனத்திடம் மரியாதையாக, சட்டத்தைச் சுட்டிக் கேள்வி கேட்பது எப்படி என்று அவர்கள் அன்று படித்ததைப் பாடப் புத்தகம் எந்த அலகிலும் கற்பித்துவிட முடியாது. நிதி விண்ணப்பத்தை அதிபரின் அறைக்குள் எழுதி முடிக்காதீர்கள். மதிப்பீட்டைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசியுங்கள், மாணவத் தலைவர்கள் இருவரைக் கூட உட்கார வையுங்கள்.

இரண்டு பாடசாலைகளைச் சேர்த்துச் செய்யும் திட்டங்களுக்கு வருகிறேன். கல்வி அமைச்சு 2008இல் சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றித் தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதன் பிறகு ஒருநாள் ஒன்றுகூடல்கள் பெருகின. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே நிறத் தொப்பி போட்டு, படம் எடுத்து, பார்சல் சாப்பிட்டுப் பிரிவார்கள். அதற்குச் செலவழிக்கும் பணம் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு பாடசாலையிடம் பாதிச் சான்றும் மற்றப் பாடசாலையிடம் மீதிச் சான்றும் இருக்கிற ஒரு விஷயத்தை எடுங்கள். நம் ஊரில் அப்படிப்பட்டவை ஏராளம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலைக்குப் போவதென்றால் பெரும்பாலும் பாதை எனப்படும் மிதவையும் லோஞ்சும்தான். லோஞ்ச் ஓட்டியவர் ஒரு கிராமத்தில், அதில் ஆஸ்பத்திரிக்குப் போன தாய் இன்னொரு கிராமத்தில், மரக்கறி ஏற்றிய வியாபாரி மூன்றாவது இடத்தில். ஒரு பாடசாலைப் பிள்ளைகளால் மட்டும் இந்தக் கதையை எழுதி முடிக்க முடியாது. மற்றவர்களின் கொப்பி வந்துதான் ஆக வேண்டும். அப்போது பிள்ளைகள் பேசிக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்மொழிவில் "நல்லிணக்கம்" என்ற சொல்லை எத்தனை முறை எழுதினாலும் இந்த ஒரு தேவை தருகிற பலத்தை அது தராது.

2006ஐப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்று பத்தாம் தரத்தில் இருப்பவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவ்வாண்டு ஏப்ரலில் சம்பூர்ப் பக்கத்துத் தமிழர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதோடு போர் மூண்டது. ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்குப் போனார்கள். அதே ஓகஸ்ட் 4இல் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள் மூதூரில் கொல்லப்பட்டார்கள். இவற்றை மறைத்து ஊர் வரலாறு எழுதுவது பொய். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, மகனை இழந்த தாயிடம் அனுப்புவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். திட்டத்தில் இதைத் தெளிவாக எழுதுங்கள். முதலில் தொழில், நீர், போக்குவரத்து, கல்யாணம், பெருநாள். பேசுபவரின் எழுத்துமூல சம்மதம். எந்த நேரமும் நிறுத்தச் சொல்லும் உரிமை. இடம்பெயர்வைப் பற்றி அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், துருவாதீர்கள், கூட ஓர் ஆசிரியர் இருக்கட்டும். இந்தப் பந்தியைப் படித்துத்தான் ஒரு மதிப்பீட்டாளர் எங்கள் திட்டத்தில் நம்பிக்கை வைத்தார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து வந்த வெள்ளம் இப்போது பிள்ளைகளுக்கே சொந்த அனுபவம். அதை அவர்களே எழுதலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை.

இடையில் ஓர் எச்சரிக்கை. "அகழ்ந்து பார்த்தல்" போன்ற சொற்களை விண்ணப்பத்தில் எழுதவே வேண்டாம். 1940இன் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி யாரும் அகழ முடியாது. கிழக்கில் தொல்பொருள் என்பது இன்று காணிப் பிரச்சினையோடும் பயத்தோடும் கலந்த விஷயம். பார்த்தல், வரைதல், அனுமதி பெற்றுப் படமெடுத்தல் என்று எழுதினால் போதும். திருமங்கலாய், கங்குவேலி போன்ற இடங்களுக்குப் போகுமுன் பிரதேச செயலகத்துக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு கூட்டாளியையாவது தேடிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2001இல் தொடங்கிப் பத்தாண்டுகளளவில் நடந்த வரலாறு கற்பித்தல் மானியத் திட்டத்தில், பல்கலைக்கழகம், நூலகம், அருங்காட்சியகம் போன்ற ஒன்றோடு கூட்டுச் சேராத கல்வி மாவட்டம் விண்ணப்பிக்கவே முடியாது. அந்த நிபந்தனையில் நியாயம் இருக்கிறது. ஆசிரியருக்கு வழிகாட்ட வரலாறு படித்த ஒருவர் வேண்டும், சேகரித்ததை வைக்க ஓர் இடம் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரையாளரை அணுகலாம். எண்ணிமப் பிரதிகளுக்கு 2005 முதல் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தை அணுகலாம். சம்மதக் கடிதம் ஒரு பக்கம் இருந்தால் போதும், ஆனால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பது அதில் இருக்க வேண்டும்.

பணம் வந்த பிறகு செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறுதிச்சீட்டு, பற்றுச்சீட்டு, வருகைப் பதிவு, படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோவையில் வையுங்கள். கணக்காய்வு கேட்கும் முன்பே ஒரு பிரதி எடுத்துவையுங்கள். பிள்ளைகள் எழுதியதை மூன்று பிரதிகள் கட்டுங்கள். ஒன்று பாடசாலை நூலகத்துக்கு, ஒன்று பொது நூலகத்துக்கு, ஒன்று வலயக் கல்வி அலுவலகத்துக்கு. அடுத்த விண்ணப்பத்தோடு இணைக்க உங்களிடம் இருக்கக்கூடிய மிகச் சிறந்த சான்று அந்த மூன்றாவது பிரதியின் முதல் பக்கத்தில் விழும் அலுவலக முத்திரைதான். அந்தப் பக்கத்தை அன்றைக்கே போட்டோகொப்பி எடுத்துவிடுங்கள்.