கூரைக்குக் காவல்

புதிய பள்ளிக்கூடம் ஒன்று திறக்கப்படும் நாளில் ஊரே திரண்டு வரும். பந்தலும் மாலையும் பாராட்டுரையும் உண்டு. அப்பள்ளியின் மேல்தளத்தில் உதிர்ந்த சருகுகளை அகற்றும் நாளுக்கோ விழாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. பொதுப்பணத்தைப் பங்கிடுவோர் கண்ணிலும் இப்பணி எளிதில் படுவதில்லை. இதனால் வரும் இடரை இங்கிலாந்து நாட்டுப் பள்ளிகள் அண்மையில் உணர்ந்தன.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் அங்குப் பள்ளிகள் பலவற்றை விரைந்து கட்ட வேண்டியிருந்தது. அதற்குக் காற்றுக்குமிழ்க் கான்கிரீட்டுப் பலகைகள் கைகொடுத்தன. ஜல்லி சேராத அப்பலகையை உடைத்துப் பார்ப்பின், ஆப்பத்தின் நடுப்பகுதி போல எங்கும் நுண்துளைகள் தோன்றும். எடையும் விலையும் குறைவு. ஆதலின் 1950களிலிருந்து 1990களின் நடுப்பகுதிவரை தட்டையான கூரைகளுக்கு அவை பெரிதும் பயன்பட்டன. நீரே அவற்றின் பகை. கூரைமீது விரித்த தார்த்தாள் கிழிந்து மழைநீர் தேங்குமாயின், அந்நீர் துளைகளின் வழியே ஊறி, உள்ளிருக்கும் எஃகுக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். பலகை வலிமை இழந்து வருவதைக் கீழே அமர்ந்து பாடம் படிப்போர் அறியார்.

2018ஆம் ஆண்டில் கெண்டு மாவட்டத் தொடக்கப்பள்ளி ஒன்றின் கூரை இடிந்து வீழ்ந்தது. வார விடுமுறையாதலின் ஒருவர்க்கும் தீங்கு நேரவில்லை. ஒரு நாள் முன்பின்னாக வீழ்ந்திருப்பின் யாதாகியிருக்கும்?

2020ஆம் ஆண்டில் கல்வித்துறையினர், பள்ளிக் கட்டடங்களைப் பேணிப் பேரிடர்களைத் தணிக்க ஆண்டுதோறும் 530 கோடிப் பவுன் தேவை என மதிப்பிட்டனர். நிதித்துறை ஒதுக்கியதோ சராசரியாக ஆண்டுக்கு 310 கோடிப் பவுன். எஞ்சிய தொகை மிச்சமாகவே கணக்கில் தோன்றியிருக்கும். உண்மையில் அது கூரைமேல் ஏறிய கடனேயாகும். பெரிய அளவில் சீரமைக்கவோ புதுப்பிக்கவோ வேண்டிய பள்ளிகளில் ஏறத்தாழ 7 இலட்சம் மாணவர் பயில்வதாக, நாட்டின் தணிக்கை அலுவலகம் 2023 ஜூன் திங்களில் அறிவித்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் தம் கட்டடங்களை முழுமையாகவோ பகுதியாகவோ மூடுமாறு பணிக்கப்பட்டன. கோடை விடுமுறை முடியச் சில நாட்களே இருந்தன. வகுப்பறைகளை இழந்த சிறுவருட் சிலர் கூடாரங்களிலும் தற்காலிக அறைகளிலும் அமர்ந்து பாடம் கேட்டனர். சிலர் வீட்டிலிருந்தே பயின்றனர். சில பள்ளிகளில் கூரை வீழாதவாறு இரும்புத் தாங்கிகள் நிறுத்தப்பட்டன.